பிரேக் பேட்: 700 டிகிரிய விடுங்க, காலைல மிதிக்கற முதல் பிரேக்கப் பாருங்க

பிரேக் பேட்னா, சக்கரத்தோட சேந்து சுத்தற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சு வண்டியை நிறுத்தற கட்டை. பெர்ஃபார்மன்ஸ் பிரேக் பேட் தேட ஆரம்பிச்ச எல்லாரும் டப்பா மேல முதல்ல பாக்கற விஷயம் எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்ங்கறதுதான். 500 போட்டிருந்தா நல்லது, 700 போட்டிருந்தா இன்னும் நல்லதுன்னு தோணும். தினமும் ஓட்டற வண்டிக்கு அது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி அதுக்கு நேர் எதிர் முனைல இருக்கு. ராத்திரி பூரா மழைல நின்ன வண்டியை காலைல எடுத்து தெருமுனைல திரும்பறப்ப, ஸ்கூல் பையன் ஒருத்தன் சைக்கிள்ல குறுக்க வந்துட்டான்னு வைங்க, டிஸ்க் 25 டிகிரில ஈரமா துரு படிஞ்சு இருக்கற அந்த நேரத்துல அந்த பேட் பிடிக்குமா பிடிக்காதா? இதுக்கு பிடிக்கும்னு பதில் வராத பேடை, 700 இல்ல 900 டிகிரி தாங்கினாலும், நான் வீட்டு வண்டில மாட்ட மாட்டேன்.

எங்கிட்ட இருக்கறது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜிங்கற ஆட்டோமேட்டிக் கியர், 2013ல இந்தியாவுக்கு வந்தது, 2022ல போலோவையே இங்க நிறுத்திட்டாங்க. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். வாரம் பூரா கோயமுத்தூர் டிராஃபிக்ல ஊர்ந்துட்டுப் போற வண்டி இது, அவிநாசி ரோட்டு சிக்னல், சரவணம்பட்டி நெரிசல், அவ்வளவுதான். லீவு கிடைச்சா கோத்தகிரியோ குன்னூரோ வால்பாறையோ, மலை ஏறிடுவேன். எப்பவாவது செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல டிராக் டே, அதாவது சொந்த வண்டிய ரேஸ் டிராக்குல ஓட்டிப் பாக்கற நாள், நடந்தா போய்ப் பாக்கறதுண்டு, ஆனா அங்க ஓட்டறது ஃப்ரெண்ட்ஸ்தான், என் வண்டி வெளியதான் நிக்கும். இந்த விவரம் எல்லாம் எதுக்குன்னா பேட் செலக்‌ஷன்ல பாதி வேலை இங்கயே முடிஞ்சுருது. என்னோட வண்டியோட பிரேக் வாழ்க்கைல முக்கால்வாசி நேரம் டிஸ்க் நூறு நூத்தம்பது டிகிரிலதான் இருக்கும், மலை எறங்கறப்ப ஒரு மணி நேரம் நல்லா காயும். 600 டிகிரிங்கறத அது பாக்கவே போறதில்ல.

காயறதுன்னு சொல்றப்ப அது எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்துடலாம், எனக்கு இந்தக் கணக்கு பிடிச்ச விஷயம். ஆளோட சேத்து 1200 கிலோ வண்டி, 100 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நின்னா சுமார் 460 கிலோஜூல் சக்தி வெப்பமா மாறணும். அதே வண்டி 50ல இருந்து நின்னா 115தான், வேகம் பாதியானா சக்தி நாலுல ஒண்ணாயிடும். இப்ப மலைக்கு வாங்க. குன்னூர் 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330 சொச்சம், நடுவுல எறக்கம் 1500 மீட்டர். 1200 கிலோவை அவ்வளவு தூரம் கீழ எறக்கறதுல வெளிய வர்ற சக்தி 17 மெகாஜூலுக்கு மேல, அதாவது 100ல இருந்து 38 தடவை முழுசா நிறுத்தறதுக்குச் சமம். காத்தும் டயரும் அதுல ஒரு பங்கை எடுத்துக்கும், இன்ஜினுக்கு நீங்க விட்டீங்கன்னா அதுவும் நல்ல பங்கு எடுத்துக்கும், மிச்சம் அத்தனையும் ரெண்டு முன் டிஸ்க்குலயும் பின் டிரம்லயும்தான் போய் விழுது. வேகம் 30, 40தான் இருக்கும், அதனால ஆறறதுக்கு காத்தும் பத்தாது. 100ல இருந்து பலமா ஒரு பிரேக் போட்டு உடனே திரும்ப வேகம் எடுக்கறப்ப டிஸ்க்குக்கு காத்து கிடைக்கும், ஆனா எறக்கத்துல பெடல் மேல காலை லேசா வெச்சுக்கிட்டே வர்ற டிரைவர் டிஸ்க்குக்கு மூச்சு விடற நேரமே குடுக்கறதில்ல. ஊட்டில இருந்து மசினகுடி எறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிக அங்க எறங்கறதுக்கே கட்டுப்பாடு வெச்சிருக்காங்க, பிரேக் பிடிக்காம போய் அங்க நடந்த விபத்துக அவ்வளவு.

அதனால பேடைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு. டிஎஸ்ஜி கியரை 'டி'ல (டிரைவ்) போட்டு மலை எறங்காதீங்க, மைலேஜுக்காக அது மேல் கியர்லயே போய் உக்காந்துக்கும். மேனுவல்ல தள்ளி ரெண்டாவது கியர்ல பிடிங்க, ஆர்பிஎம் 4000 காட்டினாலும் பரவால்ல, பெட்ரோல் அப்ப அனேகமா போகவே போகாது, இன்ஜினுக்கும் ஒண்ணும் ஆகாது. எந்த பேடும் செய்ய முடியாத வேலைய இது காசில்லாம செய்யுது.

சரி, பேட். பேடுங்கறது ஒரு இரும்புத் தட்டு, அது மேல அழுத்தி வேகவெச்சு ஒட்டின ஒரு கலவை. கலவைல ரெசின், நார், உலோகத் தூள், கிராஃபைட், தேய்க்கற பொருள்கள்னு பத்து இருவது சாமான் இருக்கும், எது எவ்வளவுங்கறது கம்பெனியோட ரகசியம். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்ல, பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னை பாடில இருக்கு, ரானேயோட பிரேக் லைனிங் ஃபேக்டரி அம்பத்தூர்ல, இந்தியால ஓடற வண்டிகள்ல கணிசமான பங்குக்கு லைனிங்கும் பேடும் இந்தக் கம்பெனிகள்ல இருந்துதான் போகுது. ஜப்பான், கொரியா வண்டிகள்ல அதிகமா வர்றது ஆர்கானிக் வகை, என்ஏஓன்னு சொல்லுவாங்க, உலோகம் கம்மி, சத்தம் வராது, வீல் கறுக்காது, டிஸ்க் ரொம்ப நாள் வரும், ஆனா சூடு ஏறினா சீக்கிரம் கை விடும். ஐரோப்பா வண்டிகள்ல லோ மெட்டாலிக், பெடலைத் தொட்டதும் கவ்வும், சூட்டுல நிக்கும், பதிலுக்கு வீல் எல்லாம் கறுப்பு, டிஸ்க்கும் கூடவே தேயும். ஜெர்மன் வண்டி வெச்சிருக்கறவங்க வாராவாரம் முன் வீலைத் தேய்ச்சுட்டே இருக்கறதுக்கு காரணம் இதுதான், அது பேடோட குறை இல்ல, டிசைனே அப்படி. செமி மெட்டாலிக்ல இரும்பு நிறைய, சூடு நல்லா தாங்கும், குளிர்ல கொஞ்சம் மந்தமாவும் சத்தமாவும் இருக்கலாம். செராமிக்னு விக்கறது தூசி கம்மி, அமைதி, அதுக்காக விலை கூடின ஸ்போர்ட்ஸ் கார்ல வர்ற கார்பன் செராமிக் டிஸ்க்கோட இதுக்கு எந்த சம்பந்தமும் இல்ல, கடைல அந்தப் பேரைச் சொல்லி விலை ஏத்தினா நம்பாதீங்க.

நடுவுல செம்பு கதை ஒண்ணு இருக்கு. பேடுல செம்பு போடறது சூட்டை சீரா பரப்பறதுக்கு, ரொம்ப நாளா நல்லா வேலை செஞ்ச பொருள். தேய்ஞ்ச தூள் மழைத்தண்ணில ஆத்துக்குப் போய் மீனுக்கு விஷமாகுதுன்னு கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் 2010ல சட்டம் போட்டாங்க, கலிஃபோர்னியால 2021ல 5 சதவீதம், 2025ல 0.5 சதவீதத்துக்குக் கீழ. அமெரிக்க மார்க்கெட் பெருசுங்கறதால நிறைய கம்பெனிக கலவையவே மாத்திட்டாங்க. அதனால பத்து வருஷம் முன்னாடி ஒருத்தர் ஒரு பேடைப் பத்தி எழுதினது இன்னிக்கு அதே பேர்ல வர்ற பேடுக்கு அப்படியே பொருந்தாம போகலாம். பழைய ரிவ்யூ படிக்கறப்ப தேதியப் பாருங்க.

அடுத்தது பேடை கைல வாங்கிப் பாக்கறது. கடைல டப்பாவ மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, பிரிச்சு பேடைத் திருப்புங்க. ஓரத்துலயோ பின்னாடி தட்டுலயோ ஒரு வரிசை எழுத்தும் நம்பரும் இருக்கும், அமெரிக்க முறைல வந்த பேடுன்னா அது கடைசில ரெண்டு எழுத்துல முடியும், எஃப்எஃப், ஜிஎஃப், ஜிஜி இந்த மாதிரி. முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு, ரெண்டாவது எழுத்து நல்லா காய்ஞ்சப்ப உராய்வு. ஈன்னா 0.25ல இருந்து 0.35, எஃப்னா 0.35ல இருந்து 0.45, ஜின்னா 0.45ல இருந்து 0.55. முதல் எழுத்து எஃப்பும் ரெண்டாவது ஈயும் இருந்தா அது காய்ஞ்சதும் பிடி தளரும்னு அர்த்தம், எனக்கு அது வேண்டாம். ரெண்டும் எஃப்பா இருந்தா சமமா இருக்கும். ஆனா இதை வெச்சு மட்டும் முடிவு பண்ணவும் முடியாது, ஏன்னா அந்த டெஸ்ட்டை ஒரு அங்குல சதுரத் துண்டை வெட்டி லேப்ல ஒரு டிரம் மேல தேய்ச்சுத்தான் பண்றாங்க, ஒரே எழுத்து வாங்கின ரெண்டு பேட் வண்டில ரெண்டு விதமா நடந்துக்கும். சூட்டுப் பக்கம் சோதனை 340 டிகிரி சொச்சத்தோட முடிஞ்சும் போயிடும்.

நான் இதைவிட அதிகமா நம்பறது ஐரோப்பா முத்திரைய. வட்டத்துக்குள்ள ஈ எழுத்து, பக்கத்துல நாட்டு நம்பர், 1னா ஜெர்மனி, 11னா பிரிட்டன், அப்புறம் 90ஆர்னு ஆரம்பிக்கற ஒரு நம்பர். அந்த ஆர்90 விதி சொல்றது என்னன்னா, மாத்தற பேடோட பிரேக் திறன் வண்டியோட வர்ற கம்பெனி பேடுல இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாது, கூடவும் கூடாது குறையவும் கூடாது. கூடறதும் தப்புங்கறதை நிறையப் பேர் யோசிக்கறதில்ல. உங்க வண்டியோட ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம தடுக்கறது), பின் டிரம், காலிபர் (பேடைப் பிடிச்சு டிஸ்க் மேல அழுத்தற பாகம்) சைஸ் எல்லாமே ஒரு குறிப்பிட்ட உராய்வை மனசுல வெச்சு கணக்குப் போட்டது.

பின்னாடி டிரம் இருக்கற வண்டில இது இன்னும் முக்கியம், போலோ, விர்ட்டஸ் ஜிடி வெச்சிருக்கறவங்க கவனிங்க. முன்னாடி மட்டும் ரொம்ப கவ்வற பேட் போட்டா, முன் சக்கரம் கம்மி அழுத்தத்துலயே லாக் ஆகற நிலைக்கு வந்து ஏபிஎஸ் அங்க அடிக்க ஆரம்பிச்சுரும். அந்தக் கம்மி அழுத்தத்துல பின் டிரம்முக்குள்ள இருக்கற ஷூ தன்னோட பங்கை முழுசா செய்யறதில்ல. பெடல்ல கால் வெச்சதும் வண்டி மூக்கு குத்தும், ஆஹா என்ன பிரேக்னு தோணும், ஆனா நிக்கற தூரம் அளந்தா முன்ன மாதிரியேதான் இருக்கும், இல்ல கொஞ்சம் கூடியும் இருக்கலாம்.

நிக்கற தூரம்னு வந்துட்டதால இதை நேரா சொல்லிடறேன், ஏன்னா விளம்பரங்க எல்லாம் இதுலதான் விளையாடுது. நல்ல ரோட்டுல உங்க இப்போதைய பேடோட 80ல போய் முழு பலத்தோட மிதிச்சுப் பாருங்க, பின்னாடி யாரும் வரலைன்னு பாத்துட்டு. பெடல் கால்ல கடகடன்னு அடிச்சா ஏபிஎஸ் வேலை செய்யுது, அப்படின்னா உங்க பேட் டயரை அதோட எல்லைக்குக் கொண்டு போயிடுச்சு, அதுக்கு மேல நிறுத்த வேண்டியது டயர்தான். அந்த ஒரே ஒரு தடவை நிறுத்தறதுல உலகத்துல எந்த பேட் போட்டாலும் தூரம் குறையாது. நல்ல டயர் போட்டா குறையும். அதனால ஆறு வருஷம் ஆகி கல்லு மாதிரி இறுகின டயரோட பெர்ஃபார்மன்ஸ் பேட் தேடறவங்ககிட்ட நான் கெஞ்சியே கேட்டுக்கறது, முதல்ல டயர் மாத்துங்க, பேடை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பேட் குடுக்கறது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, பத்தாவது பிரேக்கும் முதல் பிரேக் மாதிரியே இருக்கறது. இன்னொண்ணு கால்ல கிடைக்கற அளவு, எவ்வளவு மிதிச்சா எவ்வளவு பிடிக்கும்னு துல்லியமா தெரியறது. ஸ்போர்ட்டியான வண்டி ஓட்டறதுல இருக்கற சந்தோஷம் பாதி இந்த ரெண்டாவதுலதான் இருக்குங்கறது என் அபிப்பிராயம். வளைவுக்குள்ள நுழையறப்ப பிரேக்கை மெதுவா விட்டுக்கிட்டே ஸ்டீயரிங் திருப்பறோமே, அங்க பேட் சட்டுனு விடாம கால் சொல்றபடி விடணும். தொட்டதும் கவ்வறதை மட்டும் பாத்து வாங்கறவங்க இந்த விடற குணத்தை விசாரிக்கறதே இல்ல.

இப்ப பேர்களுக்கு வரலாம். இங்க இறக்குமதில அதிகம் பேசப்படறது பிரிட்டன்காரங்களோட ஈபிசி, கலர் வெச்சு பிரிச்சிருக்காங்க. கிரீன்ஸ்டஃப் சின்ன ஸ்போர்ட்டி வண்டிக்கு ரோட்டு உபயோகம், ரெட்ஸ்டஃப் தூசி கம்மியான செராமிக் வகை, யெல்லோஸ்டஃப் ரோட்டுல இருந்து கொஞ்சம் டிராக் வரைக்கும் போகும், குளிர்லயே பிடிக்கும்படி பண்ணினது, புளூஸ்டஃப் டிராக் டே பக்கம் சாய்ஞ்சது. ஃபெரோடோல டிஎஸ்2500, இதை ஓட்டினவங்க எல்லாரும் அந்த பெடல் ஃபீலைப் பத்தி ஆசையா பேசுவாங்க, நியாயமான ஆசைதான், உராய்வு குளிர்லயும் சூட்டுலயும் 0.42 பக்கத்துலயே நிக்கற கலவை, 500 டிகிரி வரைக்கும் போகும்னு கம்பெனி சொல்லுது, ஆனா அது போட்டிக்குன்னு விக்கற பொருள், ரோட்டு அப்ரூவல் இல்லாதது. அதுக்கு மேல டிஎஸ்3000, டிஎஸ்யூனோ எல்லாம் முழு ரேஸ் சமாசாரம், காலைல பால் வாங்கப் போற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். ரேஸ் பேட் குளிர்ல இருக்கறப்ப சிலது பிடியே மந்தமா இருக்கும், சிலது பிடிக்கும் ஆனா டிஸ்க்கை சுரண்டித் தள்ளிடும், தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கீச்சுன்னு கத்தவும் செய்யும். இந்தப் பக்கம் டெக்ஸ்டார், ஏடிஈ, டிஆர்டபிள்யூ, பாஷ்னு கம்பெனி தரத்துல வர்ற பேடுக இருக்கு, பெர்ஃபார்மன்ஸ்னு யாரும் கூப்பிடறதில்ல, ஆனா இதைப் படிக்கற பாதிப் பேருக்கு சரியான பதில் அதுதான்னு நான் நினைக்கறேன். புது பேட், புது பிரேக் ஆயில், நல்ல டயர், இந்த மூணையும் சேத்துப் போட்டு ஒரு தடவை மலை எறங்கிட்டு வந்து அப்புறம் சொல்லுங்க இன்னும் வேணுமான்னு.

எனக்கு வேண்டியிருந்தது, அதனால நான் யெல்லோஸ்டஃப் பக்கம் போனேன். காரணம் அந்த குளிர்ப் பிடிதான். ராத்திரி மழைக்கு அப்புறம் முதல் மிதில ஈரத்தையும் துருவையும் துடைக்க அரை சக்கரம் சுத்தற நேரம் ஆகும், எல்லா பேடுக்கும் அது உண்டு, அதுக்கப்புறம் கம்பெனி பேடுக்கும் இதுக்கும் கால்ல வித்தியாசம் தெரியல, அதுதான் நான் கேட்டது. கோத்தகிரில இருந்து எறங்கறப்ப கீழ வந்து சேர்ற வரைக்கும் பெடல் அதே உயரத்துல நிக்குது. விலை கம்பெனி பேடை விட நல்லாவே கூட, அதை மறைக்க விரும்பல. உங்க வண்டிக்கான பார்ட் நம்பர்ல ஆர்90 முத்திரை இருக்கான்னு நீங்களே தட்டுல பாத்து வாங்குங்க, ஒரே கலர்லயும் வண்டிக்கு வண்டி விவரம் மாறும். டூப்ளிகேட் தொல்லையும் உண்டு, தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு கடைல பாதி விலைக்கு குடுத்த பேட்ல தட்டுல முத்திரையும் இல்ல, பேட்ச் நம்பரும் இல்ல, டப்பா மட்டும் அச்சு அசல். பிரேக் விஷயத்துல பில் குடுக்காத கடைல வாங்காதீங்க.

மாட்டறதைப் பக்கத்துல நின்னு பாருங்க, பாக்க விடாத ஒர்க்‌ஷாப்ல குடுக்காதீங்க. எங்க மெக்கானிக் அண்ணன் வீலைக் கழட்டினதும் பழைய பேடைத் தூக்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாப்பாரு. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அது சூட்டுல மேல் தோல் இறுகினது, உள் பக்க பேடும் வெளிப் பக்க பேடும் ஒரே அளவு தேயாம ஒண்ணு தகடாட்டம் ஆகியிருந்தா ஸ்லைடர் பின் சிக்குது. போலோல காலிபர் ஒத்தப் பிஸ்டன், அந்த ரெண்டு பின் மேல காலிபர் நகர்ந்தாத்தான் வெளிப் பக்க பேட் டிஸ்க்கைத் தொடும். அந்தப் பின்னை உருவி பழைய கிரீஸைத் துடைச்சு, ரப்பருக்கு ஒத்துக்கற சிலிகான் கிரீஸ் லேசா தடவி, விரலால முன்ன பின்ன தள்ளிப் பாக்கணும், வழுக்கிட்டுப் போகணும். பேடோட ரெண்டு காது உக்கார்ற இடத்துல துருவைக் கம்பி பிரஷ்ல தேய்ச்சு எடுக்கணும். பிஸ்டனை உள்ள தள்றப்ப மேல பிரேக் ஆயில் டப்பா பொங்கும், ஒருத்தர் அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும், பெயின்ட் மேல வழிஞ்சா பெயின்ட் போச்சு. ஆயிரக்கணக்குல குடுத்து பேட் வாங்கிட்டு சிக்கின பின்ல மாட்டினா, அந்த ஆயிரமும் வீண். டிஸ்க்கோட ஓரத்துல உதடு மாதிரி மேடு எழும்பி இருந்தா, டிஸ்க்குலயே போட்டிருக்கற குறைஞ்ச தடிமனுக்கு அது வந்துருச்சான்னு அளந்துருங்க, வந்திருந்தா புது டிஸ்க்தான். ஓட்டை போட்ட டிஸ்க், கோடு போட்ட டிஸ்க் எல்லாம் இந்த வண்டிக்கு வேண்டாம், சாதா டிஸ்க்கே போதும்.

அப்புறம் பெட்டிங், புது பேடை டிஸ்க்குக்குப் பழக்கறது. புது தோசைக்கல்லை எண்ணெய் விட்டு பழக்காம முதல் நாளே தோசை ஊத்தினா ஒட்டிக்கற மாதிரிதான் இதுவும், டிஸ்க் மேல பேடோட பொருள் மெல்லிசா ஒரே சீரா ஒரு படலமா படியணும், உராய்வுல பெரும்பங்கு அந்தப் படலத்துக்கும் பேடுக்கும் நடுவுலதான் நடக்குது. பேட் கம்பெனி பேப்பர்ல சொல்லியிருக்கற முறைதான் முதல் உரிமை. பொதுவா, கொஞ்ச நாள் டவுன்ல நிதானமா ஓட்டினதுக்கு அப்புறம், ஆள் நடமாட்டம் இல்லாத நீள ரோட்டுல விடியக்காலைல போய், 80ல இருந்து 20க்கு நல்லா அழுத்தி, ஆனா ஏபிஎஸ் அடிக்காத அளவுக்கு, எட்டு பத்து தடவை. முழுசா நிறுத்தவே கூடாது. நடுவுல ரெசின் வாசனை வரும், லேசா புகை கூட வரலாம், பயப்படாதீங்க, அந்த நேரத்துல பெடல் ஒரு தடவை மந்தமாகி திரும்பி வந்தா புது ரெசின்ல இருந்து வாயு வெளியேறுதுன்னு அர்த்தம். முடிச்சதும் பிரேக்கை அனேகமா தொடாம பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆற விடணும். காய்ஞ்ச பேடோட நின்னு பெடலை அழுத்திப் பிடிச்சீங்கன்னா அந்த இடத்துல பேடோட அச்சு டிஸ்க்குல விழுந்துரும், அதுக்கப்புறம் பிரேக் போடறப்ப ஸ்டீயரிங் உதறும், ஒர்க்‌ஷாப்ல டிஸ்க் பெண்டாயிருச்சுன்னு சொல்லி லேத்துல ஸ்கிம் பண்ண, அதாவது மேல சீவி எடுக்க அனுப்புவாங்க. நிறைய நேரம் டிஸ்க் வளைஞ்சே இருக்காது, படலம் ஒரு பக்கம் தடிச்சு இருக்கும், இல்லேன்னா டிஸ்க் உக்கார்ற ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல துரு இருக்கும். லேத்துக்கு முன்னாடி ஹப்பைச் சுத்தம் பண்ணிட்டு ஒரு தடவை பெட்டிங் திரும்பப் பண்ணிப் பாக்கலாம், சரியாகறதுக்கு வாய்ப்பிருக்கு.

பேடை விட உயிருக்கு முக்கியம்னு நான் நினைக்கறது பிரேக் ஆயில். காத்துல இருக்கற ஈரத்தை அது உறிஞ்சிக்கும், அதனாலதான் மூடி வைக்கறோம், அப்படியும் ரப்பர் ஹோஸ் வழியா உள்ள போகும். டாட்ங்கறது ஆயிலோட தரத்தைச் சொல்ற பேர். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி வேணும், 3.7 சதவீதம் தண்ணி சேந்ததும் 155க்கு வந்துரும். டாட் 3 205ல இருந்து 140, டாட் 5.1 260ல இருந்து 180. டாட் 5னு இருக்கறது சிலிகான், பேர் பக்கத்துல இருக்கேன்னு அதை ஊத்திடாதீங்க, கலக்கவே கூடாது. ஆயில் கொதிச்சா குமிழி வரும், குமிழி அமுங்கும், நீங்க மிதிக்கற மிதி காலிபருக்குப் போகாம குமிழிய அமுக்கறதுலயே போயிடும். இங்க ரெண்டு வித அபாயத்தையும் கால்ல பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா நிக்குது ஆனா வண்டி நிக்கலைன்னா பேட் காய்ஞ்சு தளர்ந்திருக்கு, இன்னும் பலமா மிதிச்சா கொஞ்சம் பிடிக்கும், ஓரம் கட்டி ஆற விட்டா திரும்ப வரும். பெடல் பஞ்சு மாதிரி கீழ போகுதுன்னா ஆயில் கொதிச்சிருக்கு, அப்ப திரும்பத் திரும்ப வேகமா பம்ப் பண்ணி, கியரைக் குறைச்சு, எது கிடைக்குதோ அந்த ஓரத்துல நிறுத்தணும், ஆறினதும் பெடல் சரியாயிடுச்சேன்னு நம்பி எறங்கக் கூடாது, ஆயிலை மாத்தி ஏர் எடுத்த பிறகுதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்துங்க, மலைக்கு அடிக்கடி போனா வருஷா வருஷம். இதுக்கு ஆகற செலவு பேட் விலைல சின்னப் பங்கு.

இதுல இன்னொரு விஷயம் யாரும் சேத்துப் பேசறதில்ல. பேட் தேய்ஞ்சு மெல்லிசாக மெல்லிசாக டிஸ்க் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் போய்ச் சேரும், ஏன்னா பேட்தான் நடுவுல தடுப்பு. 3 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டலாம்னு சொல்றது டவுனுக்கு சரி. அஞ்சு மில்லி மிச்சம் இருக்கற பேடோட வால்பாறையோட 40 கொண்டை ஊசியோ கொல்லிமலையோட 70 கொண்டை ஊசியோ முழு லோடு, அஞ்சு பேரோட எறங்கப் போறீங்கன்னா போறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, மிச்சம் இருக்கற பேடை வீணாக்கறமேன்னு பாக்காதீங்க.

டிராக்குக்குப் போற ஆசை இருக்கறவங்களுக்கு, கரி ஸ்பீட்வே ஆகட்டும் இருங்காட்டுக்கோட்டை ஆகட்டும், ஒரே பேட்ல ரெண்டையும் முடிக்கப் பாக்காதீங்க. ரெண்டு செட் வெச்சுக்கங்க, ஜாக்கியும் ரெண்டு ஸ்பேனரும் இருந்தா ஒரு மணி நேரத்துல அங்கயே மாத்திடலாம், சாயங்காலம் திரும்பக் கழட்டி ரோட்டு பேடைப் போட்டுட்டு வீட்டுக்கு வரலாம். ரெண்டு கலவையும் ஒரே டிஸ்க்குல மாறி மாறி போடறப்ப முதல் பத்து பிரேக் கொஞ்சம் விசித்திரமா இருக்கும், படலம் மாறுது, அந்த பத்து பிரேக்கையும் டிராஃபிக்குல போய் போடாம அங்க பாடக்லயும் (டிராக்குல வண்டி நிறுத்தி வேலை பாக்கற இடம்) காலி ரோட்டுலயும் போட்டு முடிச்சுட்டு கிளம்புங்க. பேடை எந்தப் பக்கம், உள்ள வெளியன்னு மார்க்கர்ல எழுதி வெச்சுக்கிட்டா அடுத்த தடவை அதே இடத்துல உக்காரும்.